உடைந்த மட்டையில் தொடங்கிய ஓட்டம்

மாலை ஆறு மணிக்குச் சந்தாபுரா சந்திப்பில் நின்று பார்த்தால் நம் வாழ்க்கை முழுவதும் கண்முன் ஓடும். பொம்மசந்திராவிலிருந்து ஷிப்டு முடிந்து வரும் பேருந்துகள், எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து திரும்பும் வண்டிகள், ஆனேக்கல் பக்கம் போகக் காத்திருப்போர், ஓசூர் பேருந்தைப் பிடிக்க ஓடுவோர். அந்தக் கூட்டத்தில் காதைத் தீட்டினால் தருமபுரித் தமிழும் சேலத்துத் தமிழும் திருவண்ணாமலைத் தமிழும் கேட்கும். பிழைப்புக்காக வந்தோம், பிள்ளைகளுக்காகத் தங்கினோம்.

அந்தப் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்? இன்னும் வீடு எழும்பாத காலி மனைகளில்தான். அடுத்த ஆண்டு அங்கேயும் அடித்தளம் தோண்டிவிடுவார்கள். அவர்களில் ஒருவன் நன்றாக ஓடுகிறான், பந்து அவன் சொன்னபடி கேட்கிறது என்று யாராவது சொன்னால், நம் வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான்: "விளையாடினால் சோறு கிடைக்குமா?"

கேள்வியில் தவறில்லை. ஆனால் பதிலை அவசரமாகச் சொல்லிவிடுகிறோம். ஊரைவிட்டு வந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன் ஹாக்கியில் முன்கள வீரனாகி, இந்திய அணியின் தலைவனாகி, பின்னர் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவனாகவும் ஆன வரலாறு நம்மிடம் இருக்கிறது. தன்ராஜ் பிள்ளையின் வரலாறு அது. அதைச் சற்று நிதானமாகப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கும்.

கட்கியில் ஒரு தமிழ் வீடு

புனே நகரை ஒட்டிய கட்கியில் படைக்கலத் தொழிற்சாலை ஒன்று உண்டு. அதன் ஊழியர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் நாகலிங்கம் பிள்ளையும் ஆண்டாளம்மாவும். நாகலிங்கம் அங்கே விளையாட்டுத் திடலைப் பராமரிக்கும் பணியாளர். அவர்களுக்கு ஐந்து ஆண் மக்கள். 1968 ஜூலை 16 அன்று பிறந்த தன்ராஜ் அவர்களில் நான்காமவர்.

வீட்டில் வறுமை. புதிய மட்டை வாங்கக் காசில்லை. மற்றவர்கள் ஒடித்துப் போட்ட மட்டைகளும் தூக்கியெறிந்த பந்துகளும்தான் அந்தப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்கள். தொழிற்சாலைத் திடலின் புழுதி மண்ணே அவர்களுடைய மைதானம். இத்தனை கஷ்டத்திலும் ஆண்டாளம்மா ஐந்து பிள்ளைகளையும் ஹாக்கி ஆடச் சொல்லி ஊக்கப்படுத்தினார். தாம் ஆளானது அம்மாவால்தான் என்று தன்ராஜ் பலமுறை சொல்லியிருக்கிறார். 2007இல் சந்தீப் மிஸ்ரா எழுதிய அவரது வாழ்க்கை வரலாற்று நூலின் தலைப்பே 'ஃபர்கிவ் மீ அம்மா' என்பதாகும். வெளியூரில் பிறந்து வளர்ந்தும், ஆங்கில நூலின் அட்டையிலும் 'அம்மா' தமிழாகவே நின்றது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வீட்டில் பணம் இல்லை. ஆனால் திடல் இருந்தது. வாசலைத் தாண்டினால் மைதானம். அப்பாவின் வேலையே அதைக் காப்பதுதான். இன்று நம்மில் பலருக்கு நிலைமை நேர்மாறு. மட்டை வாங்கிக் கொடுக்க முடியும். ஆனால் அதை எடுத்துக்கொண்டு பிள்ளை எங்கே போவான்?

தன்ராஜுக்குப் பன்னிரண்டு வயது நிரம்பிய சில நாட்களில், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் பெற்றது. அந்த அணியின் தலைவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். அதே அணியில் ஆடிய முகமது ஷாகித் என்ற முன்கள வீரர்தான் சிறுவன் தன்ராஜின் கனவு நாயகன். ஷாகித் பந்தை உருட்டிக்கொண்டு எதிராளிகளுக்கு இடையே நுழையும் விதத்தைக் கட்கித் திடலில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார் தன்ராஜ்.

1980களின் நடுவில் பம்பாய் சென்றார். அண்ணன் ரமேஷ் அங்கே ஆர்.சி.எப். நிறுவன அணிக்காக ஆடிவந்தார்; இந்தியாவுக்காகவும் ஆடியவர் அவர். தம்பியைத் தம்முடன் வைத்துக்கொண்டு ஆட்டத்தைச் செப்பனிட்டார். பிறகு மகிந்திரா அண்டு மகிந்திரா அணியில் இடம் கிடைத்தது. அங்கே ஜோவாகிம் கார்வாலோ பயிற்சி அளித்தார். 1989இல் டில்லியில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் தன்ராஜ் முதன்முறையாக இந்தியச் சீருடை அணிந்தார்.

திடல், அம்மா, அண்ணன், பயிற்சியாளர் என்ற இந்த நான்கில் ஒன்று இல்லாமற் போயிருந்தாலும், கட்கியில் வேகமாக ஓடிய ஒரு பையனாகவே அவர் நின்றிருக்கக்கூடும்.

முன்கள வீரரின் வேலை

ஹாக்கியை அதிகம் பார்த்திராத வாசகர்களுக்காகச் சில விவரங்கள். திடலின் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர். ஒரு பக்கத்துக்கு 11 பேர். இலக்குக் கம்பங்களுக்கு முன்னே ஏறத்தாழ 14.6 மீட்டர் தொலைவுக்கு ஒரு வளைகோடு வரைந்திருக்கும். ஆட்டக்காரர்கள் இதனை 'டி' என்பார்கள். இந்தக் கோட்டுக்குள் தாக்கும் அணியினரின் மட்டை பட்ட பந்து இலக்கில் நுழைந்தால்தான் கோல். வெளியிலிருந்து எவ்வளவு பலமாக அடித்து நேராக உள்ளே போனாலும் கணக்கில் வராது.

ஆகவே முன்கள வீரரின் வேலை அந்த வளைகோட்டுக்குள் எப்படியாவது பந்தோடு நுழைவது. அங்கே மூன்று நான்கு தடுப்பாளர்கள் காத்திருப்பார்கள். மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். பின்பக்கம் பட்டால் தவறு. நுழைந்தபின் கோல் அடிக்கலாம். அல்லது தடுப்பாளரைத் தவறு செய்ய வைத்து 'பெனால்டி கார்னர்' பெற்றுத் தரலாம். இந்த இரண்டாவது வேலைக்குச் செய்தித்தாளில் பெயர் வராது. கார்னரை அடித்தவர் பெயர்தான் வரும்.

தன்ராஜின் பலம் வேகம். பந்து மட்டையில் ஒட்டியிருக்கும்போதே முழு வேகத்தில் ஓடக்கூடியவர். நீண்ட தலைமுடி பறக்க அவர் வலப்பக்கமோ இடப்பக்கமோ பாயும்போது அரங்கம் எழுந்து நிற்கும்.

அவர் ஆடிய காலம் ஹாக்கி தலைகீழாக மாறிய காலமும்கூட. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து செயற்கைப் புல்தரை வந்துவிட்டது. அதில் பந்து துள்ளாது, வழுக்கிக்கொண்டு ஓடும். கை நுணுக்கத்தோடு மூச்சுத் திறனும் ஓட்டமும் பெரிதாயின. மண் திடலில் கற்றுக்கொண்ட நம் பிள்ளைகள் அந்தத் தரையைத் தொடுவதற்குள் பதினேழு, பதினெட்டு வயது ஆகிவிடும். ஐரோப்பியப் பிள்ளைகளோ அதன் மேலேயே நடை பழகினார்கள். பின்னர் 1990களின் இறுதியில் 'ஆப்சைடு' விதியும் நீக்கப்பட்டது. மண் திடலில் பிறந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு இந்தப் புதிய உலகத்தில் தாக்குப்பிடித்தவர் தன்ராஜ்.

பதினைந்து ஆண்டுக் கணக்கு

1989 முதல் 2004 வரை அவர் ஆடிய பன்னாட்டு ஆட்டங்கள் 339. நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு, நான்கு சாம்பியன்ஸ் கோப்பை ஆகிய அனைத்திலும் ஆடியவர். எத்தனை கோல் அடித்தார்? சுமார் 170 என்கிறார்கள். திட்டவட்டமாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் அன்றைய கூட்டமைப்பு கோல் கணக்கை ஒழுங்காக வைத்திருக்கவில்லை. நாட்டுக்காக ஒருவன் அடித்த கோலை எண்ணி எழுதி வைக்கவும் ஆளில்லை என்பதிலிருந்தே அக்கால ஹாக்கியின் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த நீண்ட ஓட்டத்தில் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றும் அவருக்குக் கிட்டவில்லை. 1992 பார்சிலோனாவில் இந்தியா 7ஆம் இடம். 1996 அட்லாண்டாவில் 8ஆம் இடம். 2000 சிட்னியில்தான் வாய்ப்பு மிக அருகில் வந்தது. அந்த அணியின் பயிற்சியாளர், 1980இல் தங்கம் வென்ற அதே பாஸ்கரன். போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலை. இந்தியா 1-0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய 2 நிமிடம்கூட இல்லாத நேரத்தில் போலந்து ஒரு கோல் திருப்பியது. 1-1. அரையிறுதி கை நழுவியது. மீண்டும் 7ஆம் இடம். 2004 ஏதென்சில் 36 வயதில் கடைசியாக ஆடினார். அப்போதும் 7ஆம் இடமே.

ஆனால் 1998இல் பாங்காக்கில் நடந்ததை யாரும் மறக்க முடியாது. ஆசிய விளையாட்டு ஹாக்கியில் 1966க்குப் பிறகு 32 ஆண்டுகள் இந்தியாவுக்குத் தங்கம் இல்லை. 1990 பெய்ஜிங்கிலும் 1994 ஹிரோஷிமாவிலும் வெள்ளியோடு திரும்பிய அணியில் தன்ராஜும் இருந்தார். 1998இல் அவரே தலைவர். இறுதியாட்டத்தில் தென்கொரியாவோடு 1-1 என்று சமநிலை. பெனால்டி ஸ்ட்ரோக்குகளில் இலக்குக் காவலர் ஆஷிஷ் பல்லால் தடுத்துக் காட்ட, இந்தியா வென்றது. பல்லால் நம் பெங்களூருக்காரர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

அதற்குப் பின் நடந்ததுதான் வேதனை. தங்கம் வென்று வந்த அணியிலிருந்து தன்ராஜ் உட்பட ஏழு பேர் அடுத்த தொடருக்குச் சேர்க்கப்படவில்லை. ஓய்வு கொடுத்திருக்கிறோம் என்றது கூட்டமைப்பு. வீரர்களுக்கான ஊதியம் போதவில்லை என்று வெளிப்படையாகப் பேசியதற்குக் கிடைத்த தண்டனை அது என்றே பலரும் கருதினர். மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுவது தன்ராஜின் இயல்பு. கோபக்காரர் என்ற பெயரும் அவருக்கு உண்டு.

அவர் விலகிவிடவில்லை, திரும்பி வந்தார். 1999-2000ஆம் ஆண்டுக்கான கேல் ரத்னா விருதைப் பெற்றார். பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது. 2002இல் கொலோன் நகரில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில் தொடரின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2003இல் கோலாலம்பூரில் அவர் தலைமையில் இந்தியா பாகிஸ்தானை 4-2 என்று வென்று முதன்முறையாக ஆசியக் கோப்பையைக் கைப்பற்றியது.

இதற்கிடையே சோற்றுக்கு என்ன வழி? நம் கேள்வி அதுதானே. ஹாக்கியில் அந்நாளில் ஆட்டத்துக்கான பணம் அற்பம். நிறுவன வேலைதான் சோறு போட்டது. முதலில் மகிந்திரா, பிறகு இந்தியன் ஏர்லைன்ஸ். அத்துடன் லண்டன், பிரான்சின் லியோன், ஜெர்மனி, மலேசியா, வங்கதேசம் என்று பல நாட்டுக் கிளப்புகளுக்குத் தொழில்முறை ஆட்டக்காரராகச் சென்று ஆடினார். பிழைப்புக்காக ஊர் மாறிய குடும்பத்தின் பிள்ளை, மட்டையோடு நாடு நாடாகப் போனார் என்று சொல்லலாம்.

ஆடியவர் கற்றுக்கொடுக்க வரும்போது

நன்றாக ஆடியவர் எல்லாரும் நன்றாகக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நல்ல சமையல்காரியிடம் உப்பு எவ்வளவு என்று கேட்டால், "கை அளவுதான்" என்பாள். முன்கள வீரரின் நிலையும் அதுவே. தடுப்பாளர் எந்தக் காலில் எடை வைத்திருக்கிறார் என்பதை அரை நொடியில் கண்டு மறுபக்கம் பாய்வது அவருடைய உடம்புக்குத் தெரியும். அதை வாயால் சொல்வது வேறு வித்தை. சொன்னபின் பத்து வயதுப் பிள்ளை நூறு முறை தவறு செய்வதைப் பொறுத்துக்கொள்வது அதைவிடப் பெரிய வித்தை.

ஆட்டக்காரருக்கு அவருடைய ஆட்டம் ஒன்றுதான் கணக்கு. பயிற்சியாளருக்குப் பதினெட்டு இருபது பேரின் ஓட்டம், உணவு, காயம், படிப்பு, மனச்சோர்வு எல்லாமே கணக்கு. முன்கள வீரர் கோல் போட்டால் கைதட்டல். பயிற்சியாளருக்கோ தோற்றால் மட்டுமே பெயர் வெளியே வரும். சிட்னியில் பாஸ்கரன் அனுபவித்தது அதுதான்.

தன்ராஜ் ஓய்வுக்குப் பின் குஜராத் மாநில விளையாட்டு ஆணையத்தின் ஹாக்கி பயிற்சியகப் பொறுப்பை ஏற்றுப் பிள்ளைகளை உருவாக்கினார். பஞ்சாபோ ஒடிசாவோ போல ஹாக்கிப் பாரம்பரியம் உள்ள மாநிலம் அல்ல குஜராத். அப்படிப்பட்ட இடத்தில் மட்டையைப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். கைதட்டலுக்கு அங்கே இடமில்லை. கட்கியில் தமக்குக் கிடைத்ததை இன்னொரு ஊரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலை அது.

நம் பெங்களூருவில்

2012இல் உலகத் தொடர் ஹாக்கி என்ற பெயரில் ஒரு தனியார் போட்டி நடந்தது. அதில் பெங்களூருவை இருப்பிடமாகக் கொண்ட கர்நாடகா லயன்ஸ் அணிக்காக 43 வயதில் தன்ராஜ் களமிறங்கினார். அணித்தலைவர் அர்ஜுன் ஹாலப்பா. பயிற்சியாளர் ஜூட் பெலிக்ஸ். ஒரு காலத்தில் இந்திய அணியில் தன்ராஜுக்குத் தலைவராக இருந்தவர் ஜூட். இப்போது கோட்டுக்கு வெளியே பயிற்சியாளராக நின்றார்.

ஜூட் பெலிக்ஸ் பெங்களூருவில் வளர்ந்த நடுக்கள ஆட்டக்காரர். 1988, 1992 ஒலிம்பிக்குகளில் ஆடினார். பின்னர் சிங்கப்பூரில் பயிற்சியாளராகப் பணியாற்றித் திரும்பி, 2009இல் இங்கே தம் பெயரில் ஹாக்கி பயிற்சியகம் தொடங்கினார். ஆதரவற்றோர் இல்லத்துப் பிள்ளைகளையும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு தொடங்கிய முயற்சி அது. 2014இல் இந்திய அணியின் துணைப் பயிற்சியாளராகவும் இருந்தார். 2020இல் துரோணாச்சாரியார் விருது அவருக்கு வழங்கப்பட்டது. இந்திய அணிகள் மாதக் கணக்கில் தங்கிப் பயிற்சி எடுக்கும் தேசிய விளையாட்டு ஆணையத்தின் மையமும் இதே பெங்களூருவில்தான் இருக்கிறது. ஒலிம்பிக் போகிற அணி நம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேர பஸ் பயணத்துக்குள் பயிற்சி எடுப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1980க்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கத்துக்காக நாடு 41 ஆண்டுகள் காத்திருந்தது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வந்தது. 2024 பாரிசில் மீண்டும் வெண்கலம். தன்ராஜின் தலைமுறை அந்த இருட்டில் விளக்கை அணையாமல் தூக்கிக்கொண்டு ஓடிய தலைமுறை. பதக்கம் அவர்கள் கையில் விழவில்லை.

தமிழ்நாட்டிலும் அந்த விளக்கு எரிகிறது. கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். இருவருமே முன்கள வீரர்கள். எளிய வீட்டுப் பிள்ளைகள். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கார்த்தி கோல் அடித்தபோது தமிழ்நாட்டு ஹாக்கி ஆர்வலர்கள் பூரித்துப்போனார்கள்.

அப்படியானால் சோறு கிடைக்குமா?

நேர்மையாகச் சொல்வதானால், எல்லாருக்கும் கிடைக்காது. ஆயிரம் பேர் மட்டை பிடித்தால் ஒருவர்கூட இந்திய அணிக்குப் போகாமல் இருக்கலாம். தன்ராஜ் அளவுக்குப் போனவருக்கே அவமானமும் ஏமாற்றமும் இருந்தன. ஆகவே படிப்பை விட்டுவிட்டு ஆடு என்று எந்தப் பெற்றோரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் 'ஆடாதே, படி' என்பதும் சரியான பதில் அல்ல. மாநில அளவில் ஆடியவர்களுக்குக் கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, இராணுவம், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றில் வேலை வாய்ப்பு உண்டு. ஆடி முடித்தபின் பயிற்சியாளர், நடுவர், உடற்கல்வி ஆசிரியர் என்று வேறு வழிகளும் திறக்கின்றன. கோல் அடித்த கை கற்றுக்கொடுக்கும் கையாக மாறலாம்.

பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் எட்டு, பத்து வயதில் தொடங்குவது நல்லது. முழங்காலுக்குக் கீழே காப்பும் பல்லுக்குக் காப்பும் இல்லாமல் ஆட விடக்கூடாது. பந்து சிறியதானாலும் கல்லைப்போல் கடினமானது. பயிற்சியகத்தில் சேர்க்கும் முன் ஒரு நாள் ஓரமாக நின்று பாருங்கள். பந்தைத் தவற விட்ட பிள்ளையிடம் பயிற்சியாளர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். எத்தனை கோப்பை வென்றார்கள் என்பதைவிட அது முக்கியம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாகலிங்கம் பிள்ளை தம் மக்களுக்குச் சொத்து எதுவும் வைக்கவில்லை. மற்றவர்கள் விளையாடுவதற்காக ஒரு திடலைச் சமன்படுத்தி வைத்தார். அதில் அவர் பிள்ளைகளும் ஆடினார்கள். சந்தாபுராவைச் சுற்றி நம் கண்ணெதிரே காலி இடங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன. லே-அவுட்டுகளின் வரைபடத்தில் பூங்கா என்றும் விளையாட்டிடம் என்றும் குறித்த இடங்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பார்ப்பதும், இல்லையென்றால் கன்னட நண்பர்களோடும் பிற மொழி நண்பர்களோடும் சேர்ந்து கேட்பதும் நம் கடமை. நம் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ ஆடட்டும். நாளை அவர்களில் ஒருவர் இன்னொரு பிள்ளையின் கையில் மட்டையைக் கொடுத்து, "இப்படிப் பிடி" என்று சொல்லிக்கொடுக்க வேண்டுமானால், முதலில் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும்.